ஏற்காட்டு வீட்டு வரைபடத்தில் ‘ஃப்ரீஸ்’ இரண்டு இடங்களில் – பதில்

வணக்கம். ஏற்காட்டில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறீர்கள். வரைபடத்தில் முகப்புத் தூண்களின் மேலும் கூடத்துச் சுவரிலும் ‘ஃப்ரீஸ்’ (frieze, கிடையாக ஓடும் பட்டை) என்றிருக்கிறது, எது சரி என்று மேஸ்திரி கேட்கிறார் என்றீர்கள். இரண்டுமே சரிதான். வரைபடத்தைத் திருத்தச் சொல்லாதீர்கள்.

முகப்பில் உள்ளது கிரேக்க மரபு. தூண்கள் தாங்கும் உத்தரத்துக்கும், மேலே வெளியே நீளும் கார்னிஸுக்கும் நடுவிலுள்ள பட்டை அது. டோரிக் என்ற கிரேக்கத் தூண் பாணியில் செங்குத்துக் கோடுகள் வெட்டிய கட்டைகளும் சதுரப் பலகைகளும் மாறி மாறி வரும். அயோனிக் என்ற இன்னொரு பாணியில் சிற்பம் இடைவெளியின்றி ஓடும். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில், தூண்களுக்கு உள்ளே இருக்கும் சுவரைச் சுற்றி அப்படி ஓடிய ஊர்வலச் சிற்பம் சுமார் 160 மீட்டர் நீளம்! மேஸ்திரியைத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். நம் சிற்ப மரபில் உத்தரத்துக்கு மேலே, வளைந்து வெளியே நீளும் கபோதத்துக்குக் கீழே வரும் வலபி என்ற பட்டை ஏறக்குறைய அதே இடம்தான். அண்ணாந்து பார்த்தால் அவருக்கு நொடியில் பிடிபட்டுவிடும்.

கூடத்தில், படம் மாட்டும் மரச்சட்டத்துக்கும் கூரையோரக் கார்னிஸுக்கும் இடைப்பட்ட சுவரே ஃப்ரீஸ். அது புடைத்து நிற்க வேண்டியதில்லை. வண்ணம் மட்டும் மாறினாலும் போதும்.

ஜிப்சம் வார்ப்பு மட்டும் வேண்டாம். மலைப்பனியில் ஈரம் இழுத்து உப்பும். பழைய சுவர் சுண்ணாம்பு என்றால் பட்டையையும் சுண்ணாம்பிலேயே இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு பட்டைகளின் அகலத்தையும் பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே சாரம் கட்டுங்கள்.