ஓட்டினவனுக்கு 19 வயது: விபத்து மரணமும் தண்டனையும்

யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி நீதிமன்றங்களில் இருபது வருஷத்துக்கு மேலாக வாகன வழக்குப் பேசுகிறேன். குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்காகவும் நின்றிருக்கிறேன், செத்தவரின் வீட்டாருக்காகவும் நின்றிருக்கிறேன். கேளுங்கோ.

கொடிகாமத்திலிருந்து ஒருவர்: ஐயா, ஏ9 வீதியில என்ர மச்சானை அடிச்சுக் கொன்ற பொடியன் நாலாம் நாள் பிணையில வந்திட்டான். 19 வயசு. இது கொலை இல்லையோ?

உங்கட கோபம் விளங்குது. ஆனால் பிணை தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு. கொலை என்று சொல்ல, கொல்லும் எண்ணமோ அதற்குச் சமமான அறிவோ இருந்திருக்க வேணும். இப்படியான வழக்குகள் பெரும்பாலும் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில்தான் வரும்: கண்மண் தெரியாத அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தல். ஆகக் கூடியது 5 வருஷச் சிறை, அல்லது குற்றப்பணம், அல்லது இரண்டும்.

உரும்பிராயிலிருந்து ஒரு தங்கச்சி: ஒரு உயிருக்கு ஐஞ்சு வருஷம்தானோ? அதையும் ஒத்தி வைக்கினமே?

ஓம், 2 வருஷத்துக்கு மேற்படாத சிறையை நீதிமன்றம் ஒத்திவைக்கலாம், அதாவது குறித்த காலத்துக்குள் திரும்பக் குற்றம் செய்யாவிட்டால் உள்ளே போகத் தேவையில்லை. அது சரியோ என்றால், எந்தப் பொடியன் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒருத்தன் லைசன்ஸோட, அளவான வேகத்தில வந்து, ஆட்டுக்கு விலத்தப் போய் சைக்கிள்காரரை இடிச்சிட்டு, அங்கேயே நின்று அம்புலன்ஸுக்கு அடிச்சவன். இன்னொருத்தன் லைசன்ஸ் இல்லாமல், குடிச்சிட்டு, ரெண்டு பேரைப் பின்னால ஏத்தி, ரேஸ் ஓடி, இடிச்ச பிறகு மதகடியில பைக்கைப் போட்டிட்டு ஓடினவன். ரெண்டு இடத்திலயும் பிரேதம் ஒன்றுதான். ஆனால் ரெண்டாமவன் திறப்பைக் கையில எடுத்த நேரமே பிழை தொடங்கீட்டுது. அவனுக்கு ஒத்திவைத்த தண்டனை என்றால் எனக்கும் வயிறு எரியும். முதலாமவனைச் சிறைக்குள்ள போட்டால் அவன் வெளியில வரேக்க கூட்டிக்கொண்டு வாற சிநேகிதங்கள் வேற.

வல்வெட்டித்துறையிலிருந்து ஒருவர்: வயசைக் காட்டிச் சலுகை கேக்கிறது நியாயமோ? வோட் போட வயசு காணும், பிழைக்குக் காணாதோ?

பொறுப்பில் சலுகை இல்லை. இலங்கையில் 12 வயதுக்குக் கீழேதான் குற்றப்பொறுப்பே கிடையாது. 2018இல்தான் அதை 8இலிருந்து உயர்த்தினவை. தண்டனையின் அளவில்தான் வயது பேசும். ஆபத்தைக் கணக்குப் போடும் மூளைப்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கு. கூட்டாளி பின்னால இருந்தால் அந்தக் கணக்கு இன்னும் பிசகும். ஆனால் நான் எதிரிக்காகப் பேசேக்கயும் வயதை மட்டும் வைச்சுப் பேசுறதில்லை. போன வருஷமும் வேகத்துக்குப் பிடிபட்டவன் என்றால் அவனுக்குத் தெரியாது என்று எந்த வாயால சொல்லுறது?

லண்டனிலிருந்து ஒரு அண்ணை: இங்க ஆயுள் தண்டனை வந்திட்டுது. அங்கயும் வேணும்.

முழுக் கதையையும் சொல்லுங்கோ அண்ணை. இங்கிலாந்தில் 2022 ஜூன் 28 முதல், ஆபத்தான ஓட்டத்தால் மரணம் விளைவித்தால் உச்சம் 14 வருஷத்திலிருந்து ஆயுளாகியது உண்மை. வெறும் கவனயீனத்தால் நடந்த மரணத்துக்கு அங்கேயும் 5 வருஷம்தான். வயதும் முதிர்ச்சியின்மையும் தண்டனையைக் குறைக்கும் காரணிகள் என்று அவர்களின் வழிகாட்டியிலேயே இருக்கு. நான் அங்கிருந்து எடுக்க விரும்புவது வேறொன்று: ஆபத்தான ஓட்டத்தால் மரணம் என்றால் குறைந்தது 5 வருஷம் ஓட்டத் தடை, பிறகு நீட்டித்த ஓட்டச் சோதனை பாஸ் பண்ணினால்தான் லைசன்ஸ். இருபது வயதுப் பொடியனுக்கு அது உறைக்கும்.

மானிப்பாயிலிருந்து ஒரு அம்மா: தம்பி, மகனுக்கு 17. கனடாவில இருந்து சித்தப்பா பைக்குக்குக் காசு அனுப்பிறன் எண்டு நிக்கிறார்.

லைசன்ஸ் எடுக்கும்வரை வேண்டாம் அம்மா. லைசன்ஸ் இல்லாதவனிட்டத் தெரிஞ்சு வாகனத்தைக் குடுத்தால் உங்களுக்கும் குற்றம். இந்தியாவில் 2019 திருத்தத்தின்படி, வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலருக்கு அல்லது வாகன உரிமையாளருக்கு 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபா தண்டமும். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பிள்ளை ஓட்டிய கார் இரண்டு பேரைக் கொன்றதும், பிணை நிபந்தனையாக 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொன்னதும் ஞாபகம் இருக்கும். ஊர் கொதிச்சது சும்மா இல்லை.

சுன்னாகத்திலிருந்து ஒருவர்: செத்த வீட்டுச் செலவு தந்து, சமாதானமாப் போவம் எண்டு ஆள் விடுகினம். வாங்கினால் வழக்கு முடிஞ்சிடுமோ?

முடியாது. 298 உங்களால் வாபஸ் வாங்கக் கூடியதில்லை. காசு தந்ததைத் தண்டனை நேரத்தில் எதிரியின் சட்டத்தரணி சொல்லிக் காட்டுவார், அவ்வளவுதான். வாங்குவது உங்கட விருப்பம். "இனி ஒரு கோரிக்கையும் இல்லை" என்ற கடதாசியில் மட்டும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதேங்கோ.

ஒன்று சொல்ல வேணும். ஒரு வழக்கில எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டான். எல்லாம் பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுது. வெளியில வர, செத்த பிள்ளையின்ர தகப்பன் ஒரு பைலோட நிக்கிறார். உள்ள மகளின்ர ஏ.எல். ரிசல்ட். "இதை எப்ப காட்டுறது?" எண்டார். நான் அன்றைக்கு எதிரிக்காக வந்தவன், என்ன சொல்ல? பாதிக்கப்பட்டோர் பாதுகாப்புக்கென 2015இல் சட்டம் வந்து, 2023இல் புதிதாக்கப்பட்டது. தண்டனைக்கு முன் இழப்பைப் பற்றி நீதிமன்றத்துக்குச் சொல்ல இடமுண்டு. உங்கட சட்டத்தரணியிடம் முதலே சொல்லி வையுங்கோ.

அதே சுன்னாகத்து ஆள்: நட்டஈடு?

அது தனியாக மாவட்ட நீதிமன்றத்தில். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதேங்கோ, 2 வருஷத்துக்குள் போட வேணும். வாகனத்தின் காப்புறுதி விபரத்தைப் பொலிஸில் இப்பவே எடுத்து வையுங்கோ.