பழைய டீசல் காரில் டர்போ அழுத்தத்தைக் கூட்டலாமா?

திருத்துறைப்பூண்டி வாசகர் ஒருவரின் கேள்வி: "என் பழைய டர்போ டீசல் காரில் குடும்பத்தோடு வேதாரண்யம் சாலையில் செல்லும்போது இழுவை குறைவாக இருக்கிறது, முந்த முயன்றால் கரும்புகை வருகிறது. ஆக்சுவேட்டர் ராடைக் குறுக்கி பூஸ்டை (டர்போ அழுத்தத்தை) கூட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். பூஸ்ட் அளவு மீறாமலிருக்க, புகையின் ஒரு பகுதியை டர்போவின் சுழலியைத் தொடாமல் வெளியேவிடும் கதவுதான் வேஸ்ட்கேட்; அதைத் திறக்கும் கருவி ஆக்சுவேட்டர். அதன் ராடைக் குறுக்கினால் கதவை மூடிவைத்திருக்கும் ஸ்பிரிங்கின் பிடி இறுகும், கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் உயரும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ராடு தானாக நீண்டுவிடுவதில்லை. நேற்றுவரை இருந்த இழுவை இன்று இல்லையென்றால், காற்று வரும் வழியில் எங்கோ அடைப்போ கசிவோ ஏற்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உள்ளே போகும் டீசலுக்கு ஈடான காற்று கிடைக்காததையே கரும்புகை பெரும்பாலும் காட்டுகிறது.

நம் பகுதியில் தை, மாசி அறுவடைக் காலத்தில், நெல் காயும் சாலைகளில் பறக்கும் தூசியும் வைக்கோல் துகளும் ஏர் ஃபில்டரை வழக்கத்தைவிட விரைவில் அடைத்துவிடும். ஆகவே அதை முதலில் கழற்றிப் பாருங்கள். அடுத்து, டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களின் அடிப்பகுதியைத் தடவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கும் இடத்தில் வெடிப்போ தளர்ந்த கிளிப்போ இருக்க வாய்ப்பு அதிகம். கடலோர உப்புக்காற்றில் ஓடும் வண்டிகளில் வேஸ்ட்கேட் நெம்புகோல் துருப்பிடித்து, கதவு பாதி திறந்தபடியே நின்றுவிடுவதும் உண்டு. கைப்பம்பால் ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் கொடுத்தால் ராடு தடையின்றி நகர வேண்டும். அழுத்தம் நிற்காமல் இறங்கினால் உள்ளிருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது என்று பொருள்.

இவையெல்லாம் சரியாக இருந்த பிறகே, பூஸ்டைக் காட்டும் அளவுமானியைப் பொருத்திப் பாருங்கள். டெல்டாவின் சமதளச் சாலைகளில் எஞ்சினுக்குச் சுமை ஏற்ற மேடு கிடையாது என்பதால், வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி, பக்கத்தில் இருப்பவரை மானியைப் படிக்கச் சொல்லுங்கள். கிடைத்த அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும், பூட்டு நட்டைத் தளர்த்தி, ஒருமுறைக்கு அரைச்சுற்றுக்கு மேல் போகாமல் ராடைக் குறுக்கி, ஒவ்வொரு முறையும் ஓட்டி அளக்க வேண்டும். புத்தக அளவை எட்டியதும் நிறுத்திவிடுங்கள்.

அதைத் தாண்டுவதால் பெரிய லாபம் இல்லை. டீசல் எஞ்சினில் எரிபொருளைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் சக்தி அதிகம் உயராது. அதனால் அடுத்து, டீசலைக் கூட்ட எரிபொருள் பம்பைத் திருகத் தோன்றும், அங்கேதான் வெப்பம் ஏறி பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் ஆபத்துக்குள்ளாகின்றன. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடிய டர்போவின் தண்டும் கூடுதல் வேகத்தில் விரைவாகத் தேயும்.

உங்கள் காரில் இருப்பது விஜிடி வகை (உள்ளே இறக்கைகளின் கோணம் மாறும்) டர்போ என்றால் அதன் நிறுத்தத் திருகைத் தொடவே வேண்டாம். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் எஞ்சினில் அழுத்தம் வரம்பு மீறினால், அது எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். அத்தகைய வண்டிக்கு, ஸ்கேனரில் பூஸ்ட் அளவைப் பார்த்துப் பழுதைச் சொல்லத் தெரிந்த பட்டறையை நாடுங்கள்.