நியூயார்க்கில் விமானம் மோதியும் ஒரு மணி நேரம் நின்ற இரட்டைக் கோபுரங்கள் அப்புறம் ஏன் விழுந்தன? கட்டியவர்கள் மேல் தப்பா?

ஏதோ வீடியோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "விமான எரிபொருள் சூட்டில் இரும்பு உருகாது, பிறகு எப்படி விழும்?" என்று அதில் வந்திருக்கும். உருகவே வேண்டாம். அதை நான் திருப்பூரில் பார்த்தேன்.

கட்டட இன்ஜினியராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். பனியன் துணி அடுக்கும் குடோனுக்கு இரும்பு ட்ரஸ், அதாவது முக்கோண முக்கோணமாக இணைத்த தாங்குசட்டம், போட்ட ஷெட். எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டது நான். எஸ்டிமேட்டில் தீத்தடுப்புப் பூச்சு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். "இரும்பு எங்க தம்பி எரியப்போகுது?" என்று ஓனர் அதை அடித்துவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வருடமே தீப்பிடித்தது. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு ட்ரஸ்கூட அறுந்திருக்கவில்லை. ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு மாதிரி தொய்ந்து, இரண்டு பக்கத் தூண்களையும் உள்ளே இழுத்துச் சாய்த்திருந்தன. "இரும்புன்னு சொல்லி மூங்கிலப் போட்டுட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். அவர் அடித்த வரியை நான் எடுத்துக் காட்டவில்லை. இன்னும் உறுத்துகிறது.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். இரும்பு உருக 1,500 டிகிரி பக்கம் வேண்டும். 600 டிகிரியிலேயே பலம் பாதியாகிவிடும். மோதலில் அறுந்த தூண்களின் பாரத்தைப் பக்கத்துத் தூண்கள் வாங்கிக்கொண்டன, அதனால் நின்றது. ஆனால் அதே அடியில் தீத்தடுப்புப் பூச்சு உதிர்ந்துவிட்டது. தளத்து ட்ரஸ்கள் தொய்ந்து வெளித்தூண்களை உள்ளே இழுத்தன, தூண்கள் மடங்கின. மேல்மாடிகள் மொத்தமாக இறங்கும்போது கீழ்மாடி எதுவும் அதைப் பிடித்து நிறுத்தாது. தெற்குக் கோபுரம் இரண்டாவதாக அடிவாங்கியும் 56 நிமிடத்தில் முதலில் விழுந்தது. அடி பட்ட இடம் கீழே, அதனால் மேலே பாரம் அதிகம். வடக்குக் கோபுரம் 102 நிமிடம் தாங்கியது.

"விமானமே மோதாத பக்கத்து ஏழாம் எண் கட்டடம் ஏன் விழுந்தது?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். தண்ணீர்க் குழாய் உடைந்து, அணைக்க வழியில்லாமல் சாயங்காலம் வரை எரிந்தது. சூட்டில் நீளம் கூடிய பீம்கள் ஒரு பெரிய பீமை அது உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தள்ளிவிட்டன, ஒரு தூண் பிடிமானம் இழந்தது, கட்டடம் விழுந்தது. அமெரிக்காவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள்.

கட்டியவர்கள் மேல் தப்பா? கோபுரங்களின் கட்டமைப்பை வடிவமைத்த இன்ஜினியர் லெஸ்லி ராபர்ட்சன் குழு போயிங் 707 மோதுவதைக்கூட யோசித்திருந்தது. ஆனால் ராபர்ட்சன் பிறகு சொன்னபடி, அது பனிமூட்டத்தில் வழி தவறி மெதுவாக வரும் விமானம். எரிபொருள் தீயைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றும் அவர் சொன்னார். எல்லாவற்றுக்கும் கணக்குப் போட முடியாது சார். அவை நின்ற நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் படியிறங்கித் தப்பினார்கள், அதையும் பாருங்கள்.

நம் ஊரில் கிரானைட்டுக்கும் முகப்பு லைட்டுக்கும் லட்சக்கணக்கில் கொடுப்பார்கள். எங்கள் கணக்குக்கு மட்டும் "சொந்தக்காரன்தானே, வாட்ஸ்அப்பில் சொல்லு". போன வாரம் சித்தப்பா பையன் ஹால் தூணின் போட்டோ அனுப்பியிருக்கிறான். சோஃபா போட இடைஞ்சலாக இருக்கிறதாம், இடிக்கலாமா என்று கேட்கிறான். இன்னும் பதில் போடவில்லை.