‘அந்த இந்தியர்கள் நம்மவர்களா?’ என்று மகன் கேட்கிறான்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு இந்த ஆண்டு அமெரிக்காவின் தொடக்க கால வரலாறு. “பாடத்தில் வரும் இந்தியர்கள் நம்மவர்களா?” என்று கேட்கிறான். அவனுடைய பாட்டி ‘செவ்விந்தியர்’ என்று சொல்லித் தருகிறார். நான் தமிழ்நாட்டில் படித்தவள். கொலம்பஸ் பெயரைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 240 பயிற்சித் தாள்கள் கொண்ட தொகுப்பை 180 டாலருக்கு விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் மகனின் கேள்வி. அந்தப் பாடம் முழுவதிலும் கேட்கத் தகுந்த கேள்வி அதுதான்.

நம்மவர்கள் அல்லர். 1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸ் பஹாமாஸில் ஒரு தீவில் இறங்கினார். ஆசியாவின் கிழக்கு ஓரத்துக்கு வந்துவிட்டதாக நினைத்து, அங்கிருந்த தைனோ மக்களை இந்தியர்கள் என்றார். வந்தவர் வழி தவறியதற்கு இருந்தவர்கள் பெயர் மாறிப்போனது. இதை இப்படியே மகனிடம் சொல்லுங்கள். நான்கு முறை கடல் கடந்து வந்தும், இன்றைய ஐம்பது மாநிலங்களில் ஒன்றிலும் கொலம்பஸ் கால் வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

‘செவ்விந்தியர்’ நம் பாடநூல்களும் பத்திரிகைகளும் வழங்கிய சொல். பாட்டியின் மேல் குற்றமில்லை. ஆனால் தோலின் நிறத்தை வைத்து ஒரு மக்களைக் குறிக்கும் சொல் அது. அதை ஆங்கிலமாக்கி உங்கள் மகன் வகுப்பில் சொன்னால் வசவாகவே கேட்கும். அந்தந்த மக்களின் பெயரைச் சொல்லப் பழக்குங்கள்: மாசசூசெட்ஸில் வாம்பனோவாக், வர்ஜீனியாவில் பவ்ஹாட்டன், உங்கள் நியூ ஜெர்சியில் லெனாப்பே.

இங்கே ஒரு விலக்கு உண்டு. பெற்றோர் பலர் இதில் தடுக்கி விழுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ‘இந்தியர்’ என்ற சொல்லே தவறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாஷிங்டனில் இம்மக்களுக்கென உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் பெயரிலேயே ‘அமெரிக்க இந்தியர்’ இருக்கிறது. அவர்களுடைய குழந்தைகளைப் பிற குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தடுக்க 1978இல் வந்த சட்டத்தின் பெயரிலும் ‘இந்தியர்’ உண்டு. அவர்களிலேயே சிலர், குறிப்பாக மூத்தவர்கள், தங்களை அமெரிக்க இந்தியர் என்கிறார்கள். சிலர் பூர்வகுடி அமெரிக்கர் என்கிறார்கள். சிலருக்குத் தம் இனத்தின் பெயர் மட்டுமே போதும். ஆகவே ஆசிரியை அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்பதற்காக உடனே முதல்வருக்குப் புகார் எழுத வேண்டாம். பெயருக்கு உரியவர்கள் ஏற்ற சொல்லா, பிறர் ஒட்டிய சொல்லா என்று பார்க்க மகனுக்குக் கற்றுக்கொடுங்கள்.

இனி, எப்படிச் சொல்லிக் கொடுப்பது? கடலோடிகளின் பட்டியலை வரிசையாக ஒப்பிக்க வைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலவே கேட்கும். ஒரே ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் பட்டக்ஸெட்.

1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவர் கப்பலில் 102 பயணிகள் குடியேற வந்தார்கள் என்று பாடம் தொடங்கும். அவர்கள் பிளிமத் என்று குடியேறிய இடம் வெறும் காடு அல்ல. அது பட்டக்ஸெட் என்ற வாம்பனோவாக் ஊர். அங்கே பிறந்த டிஸ்குவாண்டம் என்பவரை 1614இல் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் பிடித்துச் சென்று ஸ்பெயினில் விற்றான். அவர் எப்படியோ லண்டன் சேர்ந்து, ஆங்கிலம் கற்று, 1619இல் ஊர் திரும்பினார். ஊரில் ஒருவரும் இல்லை. கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் எல்லோரையும் கொண்டுபோய்விட்டது. புத்தகத்தில் ‘ஸ்குவாண்டோ’ என்று ஒரு வரியில் வந்து, சோளம் நடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறவர் இவர்தான். அவர் எப்படி ஆங்கிலம் பேசினார் என்று மகனைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான புத்தகங்கள் அதைச் சொல்வதில்லை.

வந்தவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள். ‘தேங்க்ஸ்கிவிங்’ பண்டிகையின் தொடக்கமாகச் சொல்லப்படும் 1621 அறுவடை விருந்தைப் பற்றி, குடியேறியவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது: வாம்பனோவாக் தலைவர் மாசசோயிட் தொண்ணூறு பேருடன் வந்தார், மூன்று நாள் உண்டார்கள், அவருடைய ஆட்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்தார்கள். குடியேறியவர்கள் அவரை அழைத்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சில வரிகளை மகனே படிக்கட்டும். மாசசோயிட்டின் மகன் 1675இல் இதே குடியேற்றக்காரர்களோடு போரிட்டார் என்பதையும் சொல்லுங்கள். விருந்தோடு கதை முடிந்தது என்று ஒரு பிள்ளையும் நம்பக் கூடாது.

1619ஐ வயது கருதித் தாண்டிவிடாதீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட இருபதுக்கும் சற்று மேற்பட்டவர்கள் அந்த ஆண்டு வர்ஜீனியாவில் விற்கப்பட்டார்கள். அதே ஆண்டு, அதே வர்ஜீனியாவில், குடியேற்றத்தின் முதல் சட்டமன்றம் கூடியது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். பத்து வயதுக்கு அது புரியும். ஆனால் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டுவது, பூர்வகுடிகளைப் போல இறகுத் தொப்பி செய்து அணிவது போன்ற ‘செயல்பாடு’ எதற்கும் மகனை அனுப்பாதீர்கள்.

பின்னாளில் அமெரிக்காவாக இணைந்த பதின்மூன்று ஆங்கிலேயக் குடியேற்றங்களின் பெயர்களை மனப்பாடம் செய்யட்டும், தேர்வுக்கு வேண்டும். ஒரு வாரம் போதும்.

இப்போது அந்தத் தொகுப்பு. இத்தகைய தொகுப்புகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைத் திரட்டி, அட்டை போட்டு, நம் பெற்றோரின் அச்சத்தின் மேல் விலை வைக்கிறார்கள். விற்பவரிடம் மூன்று பக்கங்களை மட்டும் கேளுங்கள். முதலாவது, கொலம்பஸ். பூமி தட்டை என்று உலகமே நம்பியபோது அவர் ஒருவரே உருண்டை என்றார் என எழுதியிருந்தால், மூடி வையுங்கள். படித்தவர்களுக்கு அது உருண்டை என்று முன்பே தெரியும். அவர் பிழை செய்தது அதன் அளவில். இரண்டாவது, பவ்ஹாட்டன் தலைவரின் மகள் போகஹான்டஸ். வர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயர் ஜான் ஸ்மித்தைப் பார்த்தபோது அவளுக்குப் பதினொரு வயதுதான் இருக்கும். அங்கே காதல் கதை எழுதியிருந்தால் காசு கொடுக்காதீர்கள். மூன்றாவது, பிளிமத் வீடுகள். உருட்டு மரங்களை அடுக்கிக் கட்டிய குடில்களாக வரைந்திருந்தால் அதுவும் தவறு. அந்த வகை வீட்டைப் பின்னர் டெலவேர் பகுதிக்குக் கொண்டுவந்தவர்கள் சுவீடன் நாட்டுக் குடியேறிகள்.

இந்த வியாபாரம் செழிப்பதற்குக் கல்வித் துறையே வழி செய்து கொடுத்திருக்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைக்கக் கூட்டாட்சிச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வரலாற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தேர்வு இல்லாத பாடத்தின் நேரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வாரத்தில் எஞ்சிய கொஞ்ச நேரத்தில் முந்நூறு ஆண்டுகளை ஓட்டிமுடிக்க வேண்டிய ஆசிரியை பாவம், பயிற்சித் தாளைத்தான் கொடுப்பார். அதே தாளை நீங்கள் வீட்டிலும் கொடுத்து என்ன பயன்?

‘இதில் நம் ஊர் எங்கேயாவது வருகிறதா?’ என்று மகன் கேட்டால் யேலைக் காட்டுங்கள். எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்து, 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர். அவர் அனுப்பிய துணிமணிகளையும் நூல்களையும் பெற்றுக்கொண்ட கனெக்டிகட் மாநிலக் கல்லூரி ஒன்று 1718இல் அவர் பெயரைச் சூடியது. அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

அந்த 180 டாலரைப் பயணத்துக்கு வையுங்கள். பொது நூலகம் இலவசம். நான் சொன்ன வாஷிங்டன் அருங்காட்சியகமும் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. குளிர் விட்டதும் பிளிமத்தில் உள்ள பிளிமத் பட்டக்ஸெட் அருங்காட்சியகத்துக்குக் காரில் அழைத்துச் செல்லுங்கள். ஆங்கிலேயக் கிராமத்தில் நடிகர்கள் பதினேழாம் நூற்றாண்டு மனிதர்களாகவே பேசுவார்கள். பூர்வகுடிப் பகுதியில் இருப்பவர்கள் நடிப்பதில்லை. உடை பழையது, ஆனால் இன்றைய மனிதர்களாகத் தம்மைப் பற்றியே பேசுவார்கள். இந்த வேறுபாட்டை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘உங்களை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும்?’ என்று அவனே அவர்களிடம் கேட்கட்டும்.