வேலையில் போன விரல், டிஸ்சார்ஜ் தாளில் ‘வீட்டுக் காயம்’

கேள்வி: என் கணவர் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டுகிறார். சம்பளம் 15,600 ரூபாய், இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. மூன்று வாரத்துக்கு முன் டையில் கை மாட்டி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. முதலாளியே பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து 40,000 கட்டினார். மீதி 70,000 நாங்கள் கட்டினோம். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை ஆஃப் செய்து ஓட்டியது என் கணவர் தப்புதானாம். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் லீவு சர்டிபிகேட் வாங்கிக்கொண்டால் பணம் வரும் என்கிறார் முதலாளி. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வீட்டில் ஏற்பட்ட காயம்’ என்று இருக்கிறது. பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் பில்லை விட அந்தச் சம்மரியில் இருக்கும் ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது.

இ.எஸ்.ஐ.யில் காய்ச்சல், வயிற்றுவலி என்று லீவு எடுப்பது ஒரு கணக்கு, வேலையில் அடிபடுவது வேறு கணக்கு. உங்கள் கணவரின் நாள் சம்பளத்தை 600 ரூபாய் என்று வையுங்கள். சாதாரண நோய்ப்பலன் 70 சதவீதம், அதாவது 420 ரூபாய், அதுவும் 91 நாளுக்கு மேல் இல்லை. வேலைக் காயம் என்று பதிவானால் 90 சதவீதம், 540 ரூபாய், வேலைக்குத் திரும்பும் நிலை வரும்வரை. நோய்ப்பலனுக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலைக் காயத்துக்கு அது கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

இதைவிடப் பெரிய வித்தியாசம் பின்னால் வருகிறது. போன விரல் திரும்பி வரப்போவதில்லை. காயம் ஆறியதும் மருத்துவ வாரியம் உழைப்புத் திறன் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடும். இரண்டு விரலும் அடியோடு போயிருந்தால் சட்டத்தில் உள்ள அட்டவணைப்படி 20 சதவீதம். ஆள்காட்டி விரலில் ஒரு கணு மட்டும் போயிருந்தால் 9 சதவீதம். 20 என்றால் 540-இல் ஐந்தில் ஒரு பங்கு, நாளுக்கு 108 ரூபாய், ஆயுள் முழுக்க. அவர் மறுபடி அதே பட்டறையில் முழுச் சம்பளத்துக்கு வேலை பார்த்தாலும் அது நிற்காது. ‘லீவு சர்டிபிகேட் போதும்’ என்று முதலாளி சொல்கிறாரே, அதைக் கேட்டால் கைவிட்டுப் போவது இந்தத் தொகைதான். அவர் தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்று நமக்கு ஆராய்ச்சி வேண்டாம். விபத்து என்று எழுதினால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவார் என்ற பயம் பட்டறைக்காரர்களுக்கு எப்போதும் உண்டு.

சென்சார் விஷயம். பீஸ் கணக்கு ஏற வேண்டும் என்பதற்காகச் சென்சாரை அணைத்து ஓட்டுவது பிரஸ் லைனில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். தொழிலாளி விதியை மீறியிருந்தாலும், முதலாளியின் வேலைக்காகச் செய்யும்போது அடிபட்டிருந்தால் இ.எஸ்.ஐ.யில் அது வேலைக் காயம்தான். 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அப்படிப் போனாலும் இந்த அடிப்படை மாறவில்லை.

விபத்து அறிக்கையை, படிவம் 12, முதலாளிதான் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குத் தர வேண்டும். சாதாரணக் காயத்துக்கு 48 மணி நேரம், விரல் போகும் அளவு என்றால் உடனடியாக. மூன்று வாரமாகியும் தரவில்லை என்றால் நீங்களே எழுதுங்கள்: தேதி, நேரம், எந்த மெஷின், பக்கத்தில் நின்றவர்கள் யார். ஒரு பிரதி முதலாளிக்கு ஸ்பீட் போஸ்டில், ஒன்று கிளை மேலாளர் கையில் கொடுத்து முத்திரையுடன் நகல். கூட வேலை பார்த்தவர்கள் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள், அவர்கள் பிழைப்பும் அங்கேதான். அப்போது அன்றைய வருகைப் பதிவு, சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப், முதலாளி ஆஸ்பத்திரிக்கு 40,000 கட்டிய ரசீது, இவையே பேசும். வீட்டில் கதவில் கை நசுங்கிய ஆளுக்கு எந்த முதலாளியும் 40,000 கட்டமாட்டார்.

சம்மரியைத் திருத்தித் தரும்படி ஆஸ்பத்திரிக்கும் எழுத்தில் கேளுங்கள். சேர்க்கும்போது தகவல் சொன்னது யார் என்பது கேஸ் ஷீட்டில் இருக்கும், அதன் நகலையும் கேளுங்கள். அவர்கள் மறுத்தாலும் நீங்கள் எழுதிக் கேட்ட கடிதம் பிறகு உதவும்.

இனி பில். அவசரத்துக்குத் தனியாரில் சேர்த்த செலவை டிஸ்பென்சரி வழியாகத் திரும்பக் கேட்கலாம். அவசர நிலைதான் என்று டாக்டர் தரும் சான்று, அசல் பில், ரசீது எல்லாம் வேண்டும். ஆனால் மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். கட்டண அளவுக்குத்தான் தருவார்கள், 70,000 முழுசாக வரும் என்று நம்ப வேண்டாம். அதனால்தான் இனி ஒரு டிரெஸ்ஸிங்கூடத் தனியாரில் வேண்டாம் என்கிறேன். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு மாறுங்கள். அங்கே இல்லாத சிகிச்சைக்கு அவர்களே ஒப்பந்த ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள், அங்கே நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. தனியாரில் படுத்திருந்த நாட்களுக்கு டிஸ்பென்சரி சான்று இல்லையே என்று மலைக்காதீர்கள், ஆஸ்பத்திரித் தாள்களை மாற்றுச் சான்றாகக் கிளை அலுவலகம் ஏற்கலாம்.

இ.எஸ்.ஐ.க்குள் வராதவர்களுக்கும், மாதம் 21,000-க்கு மேல் வாங்குகிறவர்கள் போல, ஒரு வார்த்தை. உங்களுக்கு முதலாளியே நேரடிப் பொறுப்பு. வேலைக் காயத்துக்கான உண்மையான மருத்துவச் செலவை அவர் தர வேண்டும், இழப்பீடு தனி. இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் துறையில் மனு போடுங்கள். சம்பளம் 21,000-க்குள் இருந்தும் முதலாளி பதிவே செய்யாமல் விட்டிருந்தால், கிளை அலுவலகத்தில் வேலை பார்த்த ஆதாரத்தைக் காட்டுங்கள். இ.எஸ்.ஐ. உங்களுக்குத் தந்துவிட்டு அவரிடம் வசூலிக்க வழி இருக்கிறது.

அடுத்து முதலாளி ஒரு கவரும் ஒரு வெற்றுத் தாளும் நீட்டக்கூடும். கவரை வாங்குவது உங்கள் இஷ்டம். தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம், இடது கைப் பெருவிரல் ரேகையும் வேண்டாம்.