காணிக்கைப் பை முதல் கல்லறைத் தோட்டம் வரை: சபைக் கேள்விகளும் பதில்களும்

தென் மாவட்டக் கிறிஸ்தவச் சபைகளிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். அடையாளம் தெரியாமல் இருக்க ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டோம்.

எங்கள் சபையில் பொருளாளர் காணிக்கைப் பையை வீட்டுக்கு எடுத்துப்போய் எண்ணுகிறார். நல்ல மனிதர். ஆனாலும் இரண்டு வருடமாகக் “கணக்கு எங்கே?” என்று ஒரு தரப்பும், “ஊழியம் செய்கிறவரைச் சந்தேகப்படலாமா?” என்று இன்னொரு தரப்பும் பிரிந்து நிற்கிறோம். கடந்த அசனப் பண்டிகைக்கு (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து) பாதிப் பேர் வரவில்லை. என்ன செய்வது ஐயா?
– சபை மூப்பர், தூத்துக்குடி மாவட்டம்

அவர் நல்லவர் என்பதால்தான் முறையை மாற்றச் சொல்கிறோம். தனியாக எண்ணுகிற ஒருவர் மீது பழி விழுந்தால், தான் எடுக்கவில்லை என்று காட்ட அவரிடம் எந்தச் சான்றும் இருக்காது. எருசலேமுக்குத் தர்மப்பணம் அனுப்பியபோது பவுலே தீத்துவோடு வேறு சகோதரரையும் கூட்டி அனுப்பினார். யாரும் குறை சொல்ல இடம் இருக்கக்கூடாது என்பதே காரணம் (வேதாகமத்தில் 2 கொரிந்தியர் 8). அந்த அதிகாரத்தைப் பொருளாளரோடு சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பதைவிட அது அவர் மனதுக்கு இதமாக இருக்கும்.

எண்ணும் முறை இப்படி இருக்கட்டும். ஆராதனை முடிந்த உடனே, ஆலயத்தை விட்டு வெளியே போகாமல், போதகர் அறையிலேயே எண்ண வேண்டும். எண்ணுகிறவர்கள் இரண்டு பேர், ஒரே குடும்பத்தார் அல்ல, மாதந்தோறும் மாறுகிறவர்கள். பொருளாளர் எண்ணக்கூடாது, எண்ணி எழுதியதை வாங்கிக்கொள்பவர் அவர். 500, 200, 100, 50, 20, 10, நாணயம் என்று கட்டம் போட்ட தாளில் எத்தனை நோட்டு, எவ்வளவு தொகை என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு பிரதி கோப்புக்கு, ஒரு பிரதி பொருளாளருக்கு. உறையில் வரும் பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, சங்கக் காணிக்கை (உறுப்பினர் சந்தா) ஆகியவற்றுக்கு எண் அச்சடித்த ரசீது. திங்கட்கிழமை அந்தத் தொகை முழுவதும் வங்கிக்குப் போக வேண்டும்.

‘முழுவதும்’ என்பதில்தான் பல சபைகள் தவறுகின்றன. மின்கட்டணம், விருந்தினராக வரும் ஊழியரின் பயணப்படி, பூ என்று கையிலிருந்தே கொடுத்துவிட்டு மீதியைக் கட்டுகிறார்கள். அதன்பின் பாஸ்புக்கும் எண்ணிய தாளும் ஒருநாளும் பொருந்தாது. யாரும் எடுக்காத பணத்தைக்கூட எடுத்ததாகவே தோன்றும். சில்லறைச் செலவுக்கு 3,000 ரூபாய் தனியாக வையுங்கள். மாத முடிவில் கையில் உள்ள காசையும் ரசீதுகளையும் கூட்டினால் எப்போதும் 3,000 வர வேண்டும். செலவானது 2,140 என்றால் அதே 2,140-ஐக் காசோலையாக எடுத்து நிரப்புங்கள்.

இன்னும் சில இடங்களில் பணம் கசியும். ஜிபே காணிக்கை யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்குப் போவது. க்யூஆர் அட்டை சபைக் கணக்கின் பெயரில் மட்டுமே இருக்க வேண்டும். வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைப்பது. கட்டட நிதியை எடுத்துச் சம்பளம் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் திருப்புவோம் என்பது. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு சேவலை 5,000-க்குக் கேட்டுவிட்டு ஆறு மாதம் கட்டாமல் இருப்பதும் உண்டு. ஏலத் தொகையைக் கட்டிய பிறகே வரவில் எழுதுங்கள். அதுவரை அது பாக்கிப் பட்டியலில் இருக்கட்டும்.

மாதம் முடிந்த முதல் ஞாயிறு ஒரு பக்க வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கடந்த இரண்டு வருடத்துக்கு வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளரை வைத்து ஒரே தடவை பார்த்து முடித்துவிடுங்கள். அவர் அறிக்கை வரும்வரை இரு தரப்பும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த அசனத்துக்கு அரிசி, விறகுப் பொறுப்பை இரண்டு தரப்பிலிருந்தும் ஆள் எடுத்துக் கொடுங்கள்.

எங்கள் ஊர் ஆலயம் நூறு வருடம் தாண்டியது. ஓடு ஒழுகுகிறது, சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் “இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம், பணம் தருகிறோம்” என்கிறார்கள். ஊரில் இருப்பதோ அறுபது பேர், பெரும்பாலும் வயதானவர்கள். இடிக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

அவசரப்படாதீர்கள் அம்மா. கட்டுவதற்குப் பணம் தருகிறவர்கள் பண்டிகைக்கு வந்து போவார்கள்; அதைப் பெருக்கி, வெள்ளையடித்து, மின்கட்டணம் கட்டப்போவது அந்த அறுபது பேர். ஆகவே முதல் கேள்வியை அவர்களிடம் கேளுங்கள்: பத்து வருடம் கழித்து இந்தக் கட்டடத்தை யார் பராமரிப்பார்கள்? ஊர் மாறியவர்கள் அங்குள்ள சபைக்கு மாற்றுக் கடிதம் வாங்கிச் சேர்வதே முறை. அவர்கள் பணம் வரவேற்கத்தக்கது. ஆனால் இடிப்பதா வேண்டாமா என்ற தீர்மானம் ஊரில் ஆராதிக்கிறவர்களுடையதாக இருக்க வேண்டும்.

இனி சுவரைப் பார்ப்போம். அந்தக் காலச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே மெல்ல வெளியேறிவிடும். இடையில் யாரோ நல்லெண்ணத்தில் சிமெண்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருப்பார்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, பாளம் பாளமாகத் தள்ளுகிறது. மறுபடி சிமெண்ட் பூசினால் இரண்டொரு மழைக்குள் இதே கதைதான். சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடை முழுவதும் உலரவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசுங்கள். ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் தண்ணீருக்குள் ஊறப்போட வேண்டும். அவசரத்தில் சரியாக நீறாத கட்டி பூச்சுக்குள் போனால் பிறகு வெடித்துக் குழி விழும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்க்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள். பூச்சு ஒவ்வொரு தடவையும் விரல் கனத்துக்கு மேல் வேண்டாம். மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளை மட்டும்.

கூரையில் பெரும்பாலும் குற்றவாளி ஓடு அல்ல, முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் காரையும் உளுத்த சட்டங்களும்தான். ஒரு சுத்தியால் ஒவ்வொரு கைமரத்தையும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் அங்கே கரையான். மொத்தக் கூரையையும் மாற்றுகிற செலவு பல இடங்களில் பத்து பதினைந்து மரத்தோடு முடிந்துவிடும். கோபுரத்தில் அரசங்கன்று இருந்தால் பிடுங்கி இழுக்காதீர்கள், வேரோடு கல்லும் வரும். மேலே வெட்டினால் மட்டும் சாகாது. அந்த இடத்துக் காரையைத் திறந்து வேரை எடுத்து மறுபடி அடைக்க வேண்டும். வடிகாலும் நீர்த்தாரையும் ஐப்பசி மழைக்கு முன் சுத்தமாக இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும், அடித்தளமே இறங்கிச் சுவர் முழுதாகப் பிளந்திருக்கிறது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தால் இடிக்கலாம். அப்போதும் பேராயத்தின் (பேராயரின் கீழுள்ள சபைகளின் தலைமை நிர்வாகம்) எழுத்து அனுமதியும் மதிப்பீட்டில் பாதித் தொகையும் கையில் வராமல் முதல் ஓட்டைக் கழற்றாதீர்கள். கூரையில்லாமல் வருடக்கணக்கில் பந்தலில் ஆராதிக்கும் சபைகள் இருக்கின்றன. அங்கே முதலில் நின்றுபோவது முதியவர்களின் வருகைதான்.

வாலிபர்கள் புதுப் பாடல்தான் வேண்டும் என்கிறார்கள், பெரியவர்கள் பாமாலையும் (மேல்நாட்டு மெட்டுப் பாடல்) கீர்த்தனையும் (கர்நாடக ராகப் பாடல்) வேண்டும் என்கிறார்கள். கடைசியில் மேடையில் இருக்கிற ஆறு பேர் பாட, சபை சும்மா நிற்கிறது. வாலிபர்கள் வேறு சபைக்குப் போகிறார்கள்.
– பாடகர் குழு உறுப்பினர், கன்னியாகுமரி மாவட்டம்

பாட்டைவிடச் சுருதிதான் இங்கே சிக்கல். புதுப் பாடலை, ஒலிப்பதிவில் ஒருவர் எந்தச் சுருதியில் பாடினாரோ அதிலேயே வாசிக்கிறார்கள். பாமாலையையும் பயிற்சி பெற்ற குரலுக்கு எழுதிய உயரத்திலேயே வாசிக்கிறார்கள். சாதாரணக் குரலுக்கு இரண்டுமே எட்டாது. கீபோர்டின் நடு ‘சி’க்கு அடுத்து மேலே வரும் ‘சி’, மிஞ்சிப்போனால் ‘டி’, அதைத் தாண்டாதபடி டிரான்ஸ்போஸ் பொத்தானால் இறக்குங்கள். மாதம் ஒரு புதுப் பாடல் போதும், நான்கு ஞாயிறும் அதையே பாடுங்கள். கீர்த்தனைக்குத் தாளம் பிசகாமல் ஜால்ரா போட ஒரு வாலிபருக்குக் கற்றுக்கொடுங்கள். கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடல்கள் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கும் விருந்துதான். இழுத்து இழுத்துப் பாடி நாம்தான் அவற்றைக் கொன்றோம்.

உயரமான பழைய ஆலயங்களில் எதிரொலி நிற்கும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும், பிரசங்கம் இன்னும் புரியாது. முன்னால் இரண்டு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பதில் தூண்களில் காதளவு உயரத்தில் நான்கைந்து சின்னப் பெட்டிகள், மக்களைப் பார்த்து, குறைந்த சத்தத்தில். டிசம்பர் கேரலில் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி சட்டப்படி கூடாது. வாயால் பாடுங்கள், அக்கம்பக்கத்துப் பிற மதத்தாரின் அன்பும் நிலைக்கும்.

வாலிபர்கள் போவது பாட்டுக்காக மட்டும் அல்ல. எண்ணும் குழுவில், கட்டடக் குழுவில், வேதபாடம் வாசிப்பதில் எத்தனை பேர் முப்பது வயதுக்குக் கீழே என்று எண்ணிப் பாருங்கள்.

ஓய்வுநாள் பள்ளி (ஞாயிறு வேதாகம வகுப்பு) ஆசிரியர் ஒருவரைப் பற்றி ஒரு பிள்ளையின் தாய் புகார் சொன்னார். சபைப் பெரியவர்கள் பேசித் தீர்க்கலாம் என்கிறார்கள். சரிதானா?
– பெயர் வேண்டாம்

சரியல்ல. பாலியல் புகார் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைப்பது குற்றம். நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. இன்றே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அந்த ஆசிரியர் அந்த நிமிடம் முதல் பிள்ளைகள் பக்கம் வரக்கூடாது. பிள்ளையைச் சபைக் கூட்டத்தில் நிறுத்தி விசாரிக்காதீர்கள், தாய்க்கு வீடு தேடிப்போய் ஆதரவு சொல்லுங்கள். இனிமேல் ஒவ்வொரு வகுப்பிலும் உறவினரல்லாத இரண்டு பெரியவர்கள், திறந்த கதவு. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அவர்கள் சபைப் போதகரின் கடிதம் இல்லாமல் பொறுப்பு வேண்டாம்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர். ஒரு பக்கம் எங்கள் சாதிக்கு, மறுபக்கம் வேறு சாதிக்கு. ஆனால் நற்கருணைத் திராட்சரசம் எல்லாருக்கும் ஒரே கிண்ணத்தில்தான். இதை எப்படி மாற்றுவது?
– ஆசிரியை, தென் மாவட்டம்

அம்மா, இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவிட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்துக்குள்ளேயே பிரிக்கும் சுவர் இருந்தது. அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. தனி உரிமை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனவர்களுக்கும் அது கிடைக்கவில்லை. சுவரை எடுக்க முடியும். எடுத்தபின் வேறு உருவத்தில் அது திரும்பாமல் காப்பதுதான் கடினம்.

சாவு விழுந்த வீட்டில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். துக்கத்தில் யாரும் நியாயம் கேட்க மாட்டார்கள், கைகலப்பில் முடியும். அமைதியான ஒரு மாதத்தில் சபைக் கூட்டம் கூட்டி மூன்று தீர்மானங்கள் போடுங்கள். முதலாவது, ஒரே வாசல், ஒரே தூம்பாப் பெட்டி (உடலைச் சுமந்து செல்லும் பெட்டி), ஒரே பதிவேடு. இரண்டாவது, தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து வரிசையாகக் குழி எண் போட்டு, இறந்த தேதிப்படி அடுத்த எண். யாருக்கும் இடம் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. மூன்றாவது, முன்பதிவும் புதிய குடும்பக் கல்லறையும் கிடையாது. இந்த மூன்றாவது விட்டுப்போனால் மற்ற இரண்டும் வீண்: வசதியுள்ள குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிலம் பிடித்து, சுவர் இல்லாமலே தனித் தோட்டம் அமைத்துவிடுவார்கள். பழைய கல்லறைகளைத் தொட வேண்டாம்.

தீர்மானத்தின் நகல் பேராயத்துக்கும், முன்னெச்சரிக்கையாகக் காவல் நிலையத்துக்கும் போகட்டும். பிறகு குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் “என்னையும் வரிசை எண்படியே அடக்கம் செய்யுங்கள்” என்று எழுதிக் கையெழுத்திட்டு, தங்கள் பிள்ளைகளிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அன்றைக்கு முடிவெடுக்கப்போகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். அந்தத் தாள்களைக் கல்லறைப் பதிவேட்டின் முதல் பக்கங்களில் ஒட்டிவிட்டு, அடுத்த பக்கத்தில் குழி எண் 1 என்று தொடங்குங்கள்.