லோகோவைச் சுற்றி ஒரு வெள்ளைப் பெட்டி

கேள்வி: வீட்டிலேயே கச்சான் வறுத்து, கச்சான் அல்வாவும் செய்து பைக்கற்றில் போட்டு விற்கிறேன். கிளிநொச்சியில் ஒரு கடையில் 6,000 ரூபா கொடுத்து லோகோ செய்வித்தேன். வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், வடிவாகத்தான் இருந்தது. வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கடை போட மஞ்சள் நிறத்தில் பனர் அடிக்கக் கொடுத்தால், லோகோவைச் சுற்றி வெள்ளைப் பெட்டி விழுந்து கிடக்கிறது. பனர் அடித்தவர் "ஒறிஜினல் பைல் கொண்டு வாங்கோ" என்கிறார். லோகோ செய்த கடையில், பின்னணி எடுக்க 1,500 ரூபா வேணும், ஒறிஜினல் தரமாட்டோம் என்கிறார்கள். இது நியாயமா? நானே போனில் எடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அந்த 1,500 ரூபாவை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள், தங்கச்சி. பனர் அடித்தவரிலும் பிழை இல்லை. உங்கள் கைக்கு வந்தது ஜேபெக் என்ற வகைப் படக் கோப்பு. ஜேபெக்கில் 'இந்த இடம் வெறுமை' என்று சொல்ல வழியே கிடையாது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏதாவது ஒரு நிறம் இருந்தாக வேண்டும், அதனால் வெறுமையாக இருந்த இடமெல்லாம் வெள்ளையாக நிரப்பப்பட்டுவிடும். வெள்ளைத் திரையில் பார்க்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் துணியில் ஏறியதும் பெட்டியாகத் தெரியும்.

1996இல் வந்த பிஎன்ஜி வகைக் கோப்பில் நிறத்தோடு சேர்த்து 'எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும்' என்ற கணக்கும் இருக்கிறது. அதற்கு 256 படிகள். எழுத்தின் வளைவான ஓரம் மஞ்சளிலோ பச்சையிலோ நோகாமல் கலப்பது அதனால்தான்.

லோகோவை அவர்கள் தாங்களே வரைந்திருந்தால், பின்னணி இல்லாத பிஎன்ஜி எடுக்க ஒரு நிமிடமும் ஆகாது. போட்டோஷொப்பில் செய்திருந்தால், அடியில் இருக்கும் வெள்ளை லேயரின் (படலத்தின்) கண் அடையாளத்தை அணைத்தால் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். அதுதான் வெறுமைக்கு அடையாளம். பிறகு பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டியதுதான். இலஸ்ட்ரேட்டர் என்ற வரையும் மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்யும்போது பின்னணிக்கு 'ட்ரான்ஸ்பேரன்ட்' என்று தெரிவு செய்வார்கள், கோரல் ட்ரோவிலும் அதற்கு ஒரு சரி அடையாளம் போட வேண்டும். இதற்குத் தனியாகக் காசு கேட்பது, உடுப்புத் தைத்துக் கொடுத்துவிட்டுப் பொத்தானுக்கு வேறு கூலி கேட்பது போல. நான் அதை ஏற்கமாட்டேன்.

ஒறிஜினல் பைல், அதாவது லோகோவை வரைந்த மூலக் கோப்பு, வேறு கதை. அதற்குத் தனி விலை வைக்கும் வடிவமைப்பாளர்கள் நிறையப் பேர். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் குறை சொல்ல முடியாது. உங்களிடம் சொன்னார்களா என்று பற்றுச்சீட்டையும் வட்ஸ்அப் உரையாடலையும் திருப்பிப் பாருங்கள். சொல்லவில்லை என்றால் அதையே காட்டி மரியாதையாகக் கேளுங்கள். அப்படியும் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், பின்னணி எடுக்க என்று கொடுக்காமல் ஒறிஜினலுக்கென்று கொடுங்கள். ஏஐ (இலஸ்ட்ரேட்டர் கோப்பு), சிடிஆர் (கோரல் ட்ரோ கோப்பு), எஸ்விஜி (கோடுகளாகச் சேமிக்கும் கோப்பு), இல்லாவிட்டால் கோடுகளாகவே சேமித்த பிடிஎப், இவற்றில் ஒன்று கையில் இருந்தால் பைக்கற் ஸ்ரிக்கரில் இருந்து பத்தடி பனர் வரை உடையாமல் பெருக்கலாம். பிஎன்ஜியை அப்படி இழுக்க முடியாது. அச்சின் நெருக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 3,000 புள்ளி அகலமுள்ள பிஎன்ஜி பத்து அங்குலத்துக்குத்தான் காணும்.

ஒறிஜினலை வாங்கும்போது இன்னொன்றையும் மறவாமல் கேளுங்கள்: எழுத்துகளைக் 'கேர்வ்' ஆக்கித் தரச் சொல்லுங்கள். நம்மூரில் இன்னும் பாமினி எழுத்துருவில் வேலை செய்பவர்கள் பலர். அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் 'கச்சான்' என்ற சொல் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறி நிற்கும். கேர்வ் ஆக்கிவிட்டால் எழுத்து வெறும் கோட்டு வடிவமாகிவிடும், எங்கே திறந்தாலும் மாறாது.

போனில் நீங்களே எடுக்கலாமா என்று கேட்டீர்கள். முகநூல் பதிவுக்கென்றால் எடுக்கலாம். பின்னணியைத் தானாக நீக்கும் செயலிகள் இருக்கின்றன. அச்சுக்கு வேண்டாம். ஜேபெக் சுருங்கும்போது எழுத்தின் ஓரத்தில் அரைகுறை வெள்ளைப் புள்ளிகள் படியும், செயலி அவற்றை விட்டுவிடும். மஞ்சளில் அடித்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளை நூல் ஓடியது போலத் தெரியும். லோகோவுக்குள்ளே வேண்டுமென்றே வைத்த வெள்ளையையும் சில நேரம் தின்றுவிடும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய் 'கச்சான்' 'கசசான' ஆனதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

கடைக்காரர் பிஎன்ஜி தர ஒத்துக்கொண்டால், வட்ஸ்அப்பில் படமாக அனுப்ப விடாதீர்கள். படமாக அனுப்பினால் அது திரும்பவும் ஜேபெக்காகி, வெறுமை போய்விடும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் வாங்குங்கள். வாங்கியதும் கடையை விட்டு வெளிக்கிட முன், கன்வா என்ற வடிவமைப்புச் செயலியில் ஒரு சிவப்புப் பக்கம் திறந்து அதன்மேல் லோகோவை வைத்துப் பாருங்கள். போனின் படத்தொகுப்பை நம்பக்கூடாது, அங்கே வெறுமை கறுப்பாகவும் தெரியும், வெள்ளையாகவும் தெரியும்.

மண்ணிறக் கடதாசிப் பையில் அடிக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண அச்சில் வெள்ளை மை இல்லை. லோகோவில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் பையின் மண்ணிறமே தெரியும். பைக்கென்று ஒற்றை நிற லோகோ ஒன்றையும் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

முழுக்காசும் வாங்கிக்கொண்டு, ஒத்துக்கொண்ட கோப்பையே தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் போகாதீர்கள். லோகோவின் உரிமை உங்களுக்கு மாற்றப்பட்டது என்று அந்தக் கடையிடம் இரண்டு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

கேள்வி: கன்வாவில் நானே லோகோ செய்தேன். பின்னணி இல்லாமல் இறக்கக் காசு கேட்கிறது. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: அந்த வசதி கன்வாவின் கட்டணக் கணக்குக்கு மட்டுந்தான். கம்பியூட்டர் இருந்தால் இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். அதில் வரைந்து பிஎன்ஜியாக எடுத்தால் பின்னணி இல்லாமலே வரும், எஸ்விஜி ஒறிஜினலும் உங்களிடமே இருக்கும். கன்வாவின் ஆயத்த மாதிரியில் இருந்து செய்த லோகோவை வியாபாரக் குறியாகப் பதிய அவர்களின் விதி இடம் கொடுக்காது. அதே மாதிரியை வேறொருவரும் எடுத்துப் பாவிக்கலாம். லோகோவைப் பதியும் எண்ணம் இருந்தால் இன்க்ஸ்கேப்பில் புதிதாகவே வரையுங்கள்.